மூடுபனியில் ஒரு செருமல்

கினிகி, எரிமலை அடிவாரம்

அன்புள்ள வெனராண்டாவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா?

வாத்தியார் வேலையை விட்ட பிறகு, சுற்றுலாப் பயணிகளுக்கு மொழிபெயர்க்கும் இந்த வேலை எனக்குப் பழகிவிட்டது என்றே நினைக்கிறேன். நேற்று ஒரு சின்ன விஷயம் நடந்தது, பயப்படாதே. கொரில்லாக் குடும்பத்தை நெருங்கும்போது தொண்டையை ஆழமாகச் செரும வேண்டும். பகையில்லை என்று அதற்குப் பொருள். மூடுபனியில் நான் பின்தங்கிவிட்டேன். மூங்கில் விலகியது, வெள்ளி முதுகு கொண்ட கொரில்லாத் தலைவன் எதிரே எழுந்து நின்றான். செருமினேன், சத்தமே வரவில்லை.

"வாத்தியாரே, சத்தமா! அவன் என்ன உங்க பொண்டாட்டியா, இப்படி நடுங்குறீங்க?" என்று என்னைத் தேடித் திரும்பி வந்த வழிகாட்டி கயிஹுரா பின்னாலிருந்து கிசுகிசுத்தான்.

நம் வீட்டு வாசலில் செருமுவதாக நினைத்துக்கொண்டு செருமினேன். அடுப்படியிலிருந்து நீ சொல்வாயே, அதேபோல் அந்தத் தலைவனும் "ம்ம்" என்றான். உட்கார்ந்து மூங்கில் குருத்தை மென்று தின்ன ஆரம்பித்தான். குட்டியொன்று அவன் முதுகில் ஏறிப் படுத்தது. இந்த ஒப்புமையைத் தவறாக எடுத்துக்கொள்ளாதே.

என் அறைக்குள் நுழையும்போதும் பழக்கத்தில் செருமிவிடுகிறேன்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. ஞாயிறன்று தொலைபேசியில் அழைக்கிறேன். பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் "ம்ம்" என்று மட்டும் சொல். வண்டி வந்துவிட்டது.

உன்
அனஸ்தாஸ்