தங்கப்பன் மகனை ஜீப்பில் ஏற்றினார்கள்

ஆடி 10, செவ்வாய்.

பக்கத்து வீட்டுத் தங்கப்பனின் மகன் கிரிப்டோவில் சம்பாதித்துக் கார் வாங்கியதிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல். "அவனப் பாருலே, கம்ப்யூட்டர்லயே காசு வெட்டுகான்" என்று, ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் என் மகனைத் தினமும் குத்துவேன். "அப்பம் அவனையே மகனா எடுத்துக்கிடுங்க" என்றான் ஒருநாள். அதோடு எங்களுக்குள் பேச்சு நின்றது.

இன்று தங்கப்பன் வீட்டுக்குப் போலீஸ் வந்தது. ஆள் பெயர் தெரியாத ஆன்லைன் சந்தையில் போதைப்பொருள் விற்றானாம். பொய் எதற்கு, எனக்கு உள்ளே குளிர்ந்தது. செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு மதிலோரம் ஓடினேன்.

ஜீப்பில் ஏறும்போது பையன், "அப்பா, சுகர் மாத்திரய மறந்திராதீங்க" என்றான்.

எனக்கும் சுகர்தான். சாப்பிட்டபின் என் மகன் கண்ணில் படும்படி மாத்திரையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் கை கழுவிவிட்டுப் போய்விட்டான்.

தங்கப்பன் கொடுத்துவைத்தவன்.