எத்தனால் மட்டும் விட்ட தட்டு

பிப்ரவரி 26, அல்மாத்தி

செல்கள் செத்துவிட்டன! நேற்று மருந்து விட்ட தட்டில் பாதிக்கு மேல் சுருண்டு கிடக்கின்றன. ஆய்வகத்தில் வளர்த்த சிறுநீரகச் செல்கள். மருந்து டாக்ரோலிமஸ், தம்பி ஒல்ஜாஸ் காலையும் மாலையும் விழுங்குகிற அதேதான். நான் கொடுத்த சிறுநீரகத்தை அவன் உடம்பு விரட்டிவிடாமல் காக்கிற மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கவும் செய்யும் என்று படித்திருக்கிறேன். கண்ணால் பார்த்தது இன்றுதான். படமெடுத்து அவனுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

"உன் கிட்னி பயந்துபோச்சு. பவுர்சாக் பொரிச்சுக் கொண்டுவந்தாத்தான் சமாதானமாகுமாம்."

எண்ணெயில் பொரித்த மாவுருண்டைக்கு இவ்வளவு ஆசை, கழுதை. அறுவை முடிந்ததிலிருந்து எது வேண்டுமானாலும் அதன் பேரைச் சொல்லித்தான் கேட்கிறான்.

மார்ச் 11

ஆய்வகத் தலைவி ரௌஷான் அம்மாள் படத்தைப் பார்த்தார். பாராட்டுவார் என்று நின்றிருந்தேன்.

"மருந்தில்லாம வெறும் எத்தனால் விட்ட தட்டு எங்கடி, சமால்?"

மருந்தை எத்தனால் என்கிற ஆல்கஹாலில் கரைத்துத்தான் விடுகிறோம். தட்டுகள் பற்றாக்குறை, அந்த ஒன்றை வைக்காமல் விட்டுவிட்டேன்.

"டீ குடிச்சு வயிறு வலிச்சா டீத்தூளையே திட்டுவியா? பால் கெட்டிருந்தா?"

எல்லோர் முன்னாலும். திரும்பச் செய்ய வேண்டும்.

மார்ச் 21

எத்தனால் மட்டும் விட்ட தட்டிலும் அதே சாவு. அளவுக்கு மேல் விட்டிருக்கிறேன். கொன்றது மருந்து இல்லை, நான்.

ஒல்ஜாஸிடம் சொல்ல வேண்டும். நாளை நௌரிஸ் புத்தாண்டு, வீடு நிறைய ஆட்கள். பண்டிகை முடியட்டும்.

மார்ச் 22

அவன் முகம் வீங்கியிருக்கிறது. பவுர்சாக்கைத் தொடவில்லை. "உன் கிட்னிக்குப் பசியில்லையாம்." அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 23

மருத்துவமனை. சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவு, கிரியேட்டினின், ரத்தத்தில் இரண்டு மடங்குக்கு மேல். ரத்தத்தில் மருந்தே இல்லை என்கிறார் டாக்டர். "மாத்திரை போடறியா இல்லையா? மறைக்காம சொல்லு."

அவன் போனை நீட்டினான். நான் அனுப்பிய படம்.

"நீதானே அக்கா அனுப்பினே? உன் கிட்னியைக் கொல்ல மனசு வரல. முதல்ல பாதியாக்கினேன். அப்புறம் நிறுத்திட்டேன்."

ஐயோ — ஏன்டா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல? நான் ஏன் முந்தாநாளே சொல்லவில்லை? படத்தை அனுப்பும்போது என்ன நினைத்தேன்? ஒன்றும் நினைக்கவில்லை. பெருமை, வேறென்ன.

மார்ச் 26

ஸ்டீராய்டு ஏற்றுகிறார்கள். கிரியேட்டினின் இறங்கவில்லை.

மார்ச் 27

இறங்கவில்லை.

மார்ச் 30

இறங்குகிறது! ஆனால் சிறுநீரகம் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பாது, போனது போனதுதான் என்றார் டாக்டர். "மருந்தும் கொஞ்சம் கெடுக்கத்தாம்மா செய்யும். அதுக்குப் பல வருஷமாகும். மருந்தை நிறுத்தினா, இவன் உடம்பே அதைக் கெடுக்கச் சில வாரம் போதும்."

எத்தனால் விஷயத்தை இன்னும் அவனிடம் சொல்லவில்லை. இப்போது மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறானே, அப்படியே விட்டுவிடலாமா? இப்படி நினைக்கவே வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 6

வீட்டுக்கு வந்துவிட்டான். இரண்டு தட்டுகளின் படங்களையும் அனுப்பினேன். கீழே எழுதினேன்: இரண்டாவதில் மருந்தே இல்லை, எத்தனால் மட்டும்தான். சரிபார்க்காமல் உனக்கு அனுப்பியது என் தப்பு.

போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"உன் கிட்னி உன்னை மன்னிச்சிருச்சாம். நான் இன்னும் இல்ல."

அதன் கீழே ஒரு படம். அவன் உள்ளங்கையில் மாலை மாத்திரை.