விசிறியை அணைத்துவிட்டு வாசித்த தம்புரா

இன்று இணைய மாநாடு முடிந்ததும் லேப்டாப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். விசைப்பலகை இடுக்கில் ஒரு வெள்ளை நூல் சிக்கியிருந்தது. இழுத்துப் பார்த்தால் உன்னுடையது. நாதம் கூடுவதற்காகத் தம்புராவின் குதிரையில் தந்திக்கு அடியில் செருகுவாயே, அந்த நூல். புதியதைச் செருகிவிட்டுப் பழையதைக் கண்ட இடத்தில் போடுவாய். "குப்பைத்தொட்டின்னு ஒண்ணு இருக்கு, தெரியுமா?" என்று நான் கத்துவேன். இன்றைக்கு யாரைப் பார்த்துக் கத்துவது? நூலைக் கையில் வைத்துக்கொண்டு நன்றாக அழுதேன்.

உன்னிடம் ஒரு பொய் சொன்னேன். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

போன வருடம் இதே மாநாட்டுக்கு, கேரி தீவுச் செம்பனைத் தோட்டக் கோவில்களின் பஜனைப் பாட்டுகளைப் பற்றி நம் கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். போனில் சொன்னபோது நீ போர்ட் கிள்ளான் கிடங்கில் வேலையில் இருந்தாய். நீ போட்ட கூச்சலில் லோரி ஓட்டுகிறவர் யாரோ பதறிப்போய், "என்னக்கா, என்னாச்சு?" என்று கேட்டது எனக்கே கேட்டது. எழுதியது நான், பேசப்போவதும் பாடப்போவதும் நான். ஆனாலும் இரண்டு பேர் பெயரையும் கொடுத்துப் பதிவு செய்தேன்.

"என் பேரு எதுக்கு லா? நான் சும்மா பின்னாடி உக்காந்து மீட்டப்போறேன்" என்றாய். அப்புறம் அந்த மின்னஞ்சலை அச்சடித்து வீட்டுச் சுவரில் ஒட்டினாய்.

"போன்லயே தம்புரா ஆப் இருக்கு. அவ்ளோ பெருச ரயில்ல தூக்கிட்டு வரணுமா?" என்று கேட்டுத் தொலைத்தேன். வந்ததே கோபம் உனக்கு.

"அப்ப என்னையும் டவுன்லோட் பண்ணிக்கோ லா!"

மாநாட்டன்று கிள்ளானிலிருந்து, என் வீடு இருக்கிற பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் ரயிலில் நின்றுகொண்டே வந்தாய். தம்புராவுக்கு மட்டும் இருக்கை கிடைத்ததாம். யாரோ ஒரு மலாய்க்காரப் பாட்டி நகர்ந்து இடம் கொடுத்தாராம். வந்தவளுக்கு நான் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. எனக்கு ஒரே பயம், சத்தம். ரயில் சத்தம் வராமலிருக்க ஜன்னல்களை அடைத்தேன். ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினேன். கடைசியில் விசிறியையும் அணைத்தேன். நம்மூர் மத்தியான வெயிலில் அடைத்த அறை எப்படி இருக்கும்? உன் தாடையிலிருந்து வியர்வை சொட்டியது. நீ துடைக்கவில்லை. கையை எடுத்தால் சுருதி அறுந்துவிடும் என்று நமக்குக் கொடுத்த இருபது நிமிடமும் அப்படியே உட்கார்ந்திருந்தாய்.

முதல் பாட்டை முடித்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தேன். திரையோரத்தில் ஒரு செய்தி வந்தது. தம்புரா தெரிகிறது, ஒலி வரவில்லை என்று யாரோ எழுதியிருந்தார்கள். தனக்கும் அப்படித்தான் என்று இன்னொருவர். பார்த்தேன். பார்த்துக்கொண்டே பேசினேன். நிறுத்திச் சரிசெய்தால் நேரம் போய்விடும், இத்தனை பேராசிரியர்கள் முன்னால் தடுமாற வேண்டுமே என்று நினைத்தேன். நீ எனக்கு ஒரு முழம் பின்னால் இருந்தாய். கண்ணாடி போடாத உனக்கு அந்தப் பொடி எழுத்து தெரியாது என்பதும் எனக்குத் தெரியும்.

மாநாட்டை நடத்தியவர் பிறகு காரணத்தை எழுதினார். இடைவிடாமல் ஒரே மாதிரி வருகிற ஓசையை அந்த மென்பொருள் விசிறிச் சத்தம் என்று எடுத்துக்கொண்டு அழித்துவிடுமாம். ஒரே ஒரு பொத்தானை அமுக்கியிருந்தால் போதுமாம். விசிறியை அணைத்துவிட்டு உன்னை வேகவைத்தேன். அது உன்னையே விசிறியாக்கிவிட்டது.

எல்லாம் முடிந்ததும் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, "நல்லா கேட்டுச்சா டி?" என்றாய்.

"சூப்பரா கேட்டுச்சு" என்றேன். கொஞ்சம்கூடக் கூசாமல்.

அந்த வாரத்திலேயே வீடியோ எப்போது வரும் என்று மூன்று முறை கேட்டாய். கிடங்கில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாய். இன்னும் அனுப்பவில்லை, கேட்டிருக்கிறேன் என்று ஒவ்வொரு முறையும் சமாளித்தேன். வந்த இணைப்பைத் திறக்காமலே வைத்திருந்தேன். அதற்குப் பிறகு நீ கேட்கவில்லை. மறந்துவிட்டாய் என்று நிம்மதியாக இருந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் நிம்மதியாகத்தான் இருந்தேன்.

மாநாடு முடிந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து, நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் பூச்சோங்கில் உன் மகள் வீட்டுக்குப் போனேன். உன் படத்துக்கு முன்னால் உட்கார முடியவில்லை. அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்த மாநாட்டு வீடியோவுல உங்கம்மா வாசிச்சது கேக்காதும்மா. நான் அவகிட்ட பொய் சொல்லிட்டேன்" என்றேன்.

"தெரியும் ஆன்டி" என்றாள். "அம்மா பேர்லயும் லிங்க் வந்துச்சே. நான்தான் ஓபன் பண்ணிக் குடுத்தேன். முழுசா உக்காந்து பாத்தாங்க."

"என்ன சொன்னா?"

"பாட்டு நல்லா வந்திருக்குன்னாங்க. 'இத நான் பாத்தேன்னு அவகிட்ட சொல்லிடாதே, ஒடஞ்சு போயிடுவா'ன்னாங்க."

அடிப்பாவி! என்னைத் திட்டியிருக்கக் கூடாதா? ரயில் ஏறி வந்து நாலு கேள்வி கேட்டிருக்கக் கூடாதா? சண்டை போட்டிருந்தால் அன்றைக்கே அழுது மன்னிப்புக் கேட்டிருப்பேனே. அதற்கப்புறமும் எத்தனை வெள்ளிக்கிழமை வந்தாய், தோசை தின்றாய், என் சட்னியில் உப்பு அதிகம் என்று குறை சொன்னாய். அந்த ஒன்றைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

இன்றைய மாநாட்டில் முதல் வேலையாக அந்தப் பொத்தானை அமுக்கினேன். போன வருடம் நடந்ததை எல்லோருக்கும் சொன்னேன், நான் செய்தியைப் பார்த்தும் பாராமல் போனதையும் சேர்த்து. போன வருட ஒத்திகையில் பதிந்து வைத்திருந்த உன் தம்புராவை ஒரு நிமிடம் தனியாக ஓடவிட்டேன். பிறகு அதோடு சேர்ந்து பாடினேன். தம்புரா ஒலி அதிகம், பாடுகிறவர் குரலை அமுக்குகிறது என்று ஒருவர் எழுதினார். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். விசிறியும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

நீ கேட்டதற்கு இன்னும் சரியான பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். இல்லை டி, அன்றைக்கு யாருக்கும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. அத்தனை பயத்திலும் உன் சுருதியைப் பிடித்துக்கொண்டுதான் கடைசி வரைக்கும் பாடினேன்.