கம்பளியின் முடி வளரும்வரை காத்திருக்க இயலாமை குறித்து

அனுப்புநர்:
முடிதிருத்துநர் (நாற்பத்தொரு ஆண்டு அனுபவம்),
தற்சமயம் மகள் வீடு, மூன்றாம் மாடி,
சலவைக் கடைக்கு மேலே.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
வெளிநாட்டிலிருந்து வரும் விலங்குகளின் தனிமைப்படுத்தல் நிலையம்,
விமான நிலையச் சாலை.

பொருள்: புகைப்படத்தோடு ஒத்துப்போகவில்லை என்று நிறுத்திவைக்கப்பட்டுள்ள என் நாயை விடுவிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் நிலையம் வழங்கிய நிறுத்திவைப்புச் சீட்டு, கூண்டு எண் 7.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. நானும் என் மனைவியும் இம்மாதம் முதல் தேதி எங்கள் நாயுடன் இந்த நாட்டில் வந்து இறங்கினோம். நாயின் பெயர் கம்பளி. வயது பதின்மூன்று. என் மகள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது தூக்கிவந்து வளர்த்தது. அவள் வேலைக்காக இங்கே வந்து ஆறு வருடமாகிறது. "அதையும் கூட்டிட்டு வாங்கப்பா, கடைசிக் காலத்துல என்கூட இருக்கட்டும்" என்று அவள் கேட்டதன் பேரில் அழைத்துவந்தோம். கம்பளி இங்கேயே தங்கிவிடும். நாங்கள் இருவரும் தொண்ணூறு நாளில் ஊர் திரும்ப வேண்டியவர்கள்.

2. தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை, தோலுக்குள் பதித்த சிப்பின் எண் எல்லாம் சரியாக உள்ளன. பத்து நாள் தனிமையும் முடிந்தது. ஆனால் விடுவிக்கும் அன்று, படிவத்தின் ஐந்தாம் கட்டத்தில், 'புகைப்படம் ஒத்துள்ளதா' என்ற இடத்தில், தங்கள் அலுவலர் 'இல்லை' என்று எழுதிவிட்டார். அவரை நான் குறை சொல்லவில்லை. படத்தில் இருப்பது நான்கு அங்குல முடியோடு கூடிய செம்பழுப்பு நாய். எதிரே நின்றது சாம்பல் நிறத்தில், பாதி உருவத்தில், காது மட்டும் பெரிதாக வேறொன்று. "பேரு கம்பளிங்கிறீங்க, கம்பளியைக் காணோமே" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

3. தவறு என்னுடையது. மகளைப் பார்க்கப் போகிற நாய் பரட்டைத் தலையோடு போகலாமா என்று எனக்குத் தோன்றிவிட்டது. பயணத்துக்கு முந்தின நாள் கடையின் ஷட்டரை இறக்கிவிட்டு, அதை நாற்காலியில் ஏற்றி, கழுத்தில் துணி கட்டி, லேசாக ஓரம் மட்டும் எடுக்க ஆரம்பித்தேன். இடப்பக்கம் கொஞ்சம் இறங்கிவிட்டது. அதற்கு ஈடாக வலப்பக்கம் எடுத்தேன். அது கூடுதலாகிவிட்டது. மறுபடி இடப்பக்கம். என் வாடிக்கையாளர் ஒருவருக்கும் இப்படி ஆனதில்லை. ஆனால் அவர்கள் யாரும் நடுவில் எழுந்து வாலாட்டுவதில்லை. கம்பளியின் அடிமுடி சாம்பல் நிறம் என்பது எனக்கே அன்றுதான் தெரியும். "உங்க கை சும்மாவே இருக்காதா? அதோட போட்டோவ அனுப்பியாச்சேங்க" என்றார் என் மனைவி. முகத்தைப் பார்த்தால் தெரியாதா என்று வாதாடி நான் ஜெயித்தேன். அவர் கீழே கிடந்த முடியில் ஒரு கைப்பிடியைக் காகித உறையில் போட்டுத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

4. முடி வளர்ந்ததும் வந்து அழைத்துப்போகும்படி எனக்குச் சொல்லப்பட்டது. நாய் மருத்துவம் எனக்குத் தெரியாது. முடி தெரியும். மாதத்துக்கு அரை அங்குலம், அதுவும் வாலிபத்தில். நான்கு அங்குலத்துக்கு எட்டு மாதம் ஆகும். பதின்மூன்று வயது நாயிடம் எட்டு மாதம் மிச்சம் இருக்கிறதா என்பது எனக்குத் தெரியாது. இருந்தாலும் அதைக் கூண்டில் கழிக்கவிட மனம் வரவில்லை.

5. தங்கள் நிலையத்தைப் பற்றி எந்தக் குறையும் இல்லை என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். தரை சுத்தம். தண்ணீர் சுத்தம். கூண்டுகளைப் பார்த்துக்கொள்பவர் தங்கமான மனிதர். "நீங்க இல்லாம சாப்பிடாதுன்னு கவலைப்படாதீங்கய்யா, ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுது" என்றார். அதைக் கேட்டு நிறைய நிம்மதியும் கொஞ்சம் வருத்தமும் ஏற்பட்டன. சென்ற ஞாயிறு அவருக்கு நான் முடி வெட்டிவிட்டது உண்மை. அது சலுகை வேண்டிச் செய்ததல்ல. அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார என்னால் முடியவில்லை.

6. இன்னொன்றையும் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். ஒன்பது வருடத்துக்கு முன் எடுத்த என் பாஸ்போர்ட் படத்தில் எனக்கு அடர்ந்த மீசையும் நெற்றிவரை சுருள்முடியும் உண்டு. இப்போது இரண்டும் இல்லை. இதே விமான நிலையத்தில் இருந்த அதிகாரி படத்தையும் என்னையும் இரண்டு முறை மாறி மாறிப் பார்த்துவிட்டு முத்திரை குத்தி அனுப்பினார். முடி வளர்ந்ததும் வா என்று என்னிடம் அவர் சொல்லியிருந்தால் நான் அங்கேயே கிடந்திருப்பேன்.

7. கடைசியாகச் சொல்வது வெளியே சொல்ல வெட்கமான விஷயம். வந்து இறங்கிய அன்று, வெளிவாசலில் நின்ற என் மகளைத் தாண்டி நான் தள்ளுவண்டியோடு போய்விட்டேன். ஊரைவிட்டுப் போகும்போது அவளுக்கு இடுப்புவரை முடி. நான் எண்ணெய் வைத்துச் சீவி வளர்த்த முடி. இப்போது காதோடு வெட்டி, கண்ணாடி போட்டு, கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறாள். நான் யாரையும் முதலில் முடியை வைத்துத்தான் அடையாளம் பார்ப்பவன். "அப்பா, நான்தாம்ப்பா" என்று அவள் பின்னாலிருந்து கூப்பிட வேண்டியிருந்தது. ஞாயிறன்று பார்வையாளர் நேரத்தில் அவளைக் கூண்டு எண் 7-க்கு அழைத்துச் சென்றேன். கம்பளிக்கு இரண்டு கண்ணிலும் புரை. அவள் வாய் திறக்கவேயில்லை. அது படுக்கையிலிருந்து மெதுவாக எழுந்துவந்து, பள்ளிக்கூட நாட்களில் செய்ததுபோலவே, அவள் முழங்காலில் தாடையை வைத்துக்கொண்டது. கூண்டுகளைப் பார்த்துக்கொள்பவர் இதற்குச் சாட்சி.

ஆகவே அம்மையீர் அவர்கள் சிப்பின் எண்ணையே போதுமான அடையாளமாக ஏற்று, ஐந்தாம் கட்டத்தைத் திருத்தி, வரும் சனிக்கிழமைக்குள் கம்பளியை என் மகளிடம் ஒப்படைக்க உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அவள் அன்றைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டாள். இனி அந்த நாய்மேல் கத்தரிக்கோல் வைக்கமாட்டேன் என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன். என் மனைவியும் சாட்சிக் கையெழுத்து இட்டிருக்கிறார்.

இடம்: மகள் வீடு
நாள்: பதினெட்டாம் தேதி, திங்கட்கிழமை

இப்படிக்கு,
(ஒப்பம்) நாயைக் கொண்டுவந்தவர்
(ஒப்பம்) அவர் மனைவி

இணைப்பு:
1. நிறுத்திவைப்புச் சீட்டின் நகல்.
2. கம்பளியின் பழைய படமும் புதிய படமும்.
3. காகித உறையில் செம்பழுப்பு முடி, ஒரு கைப்பிடி. பார்த்துவிட்டுத் திருப்பித் தரவும்; என் மனைவி கேட்கிறார்.
4. என் மகளின் பழைய படமும் புதிய படமும். ஒத்துப் பார்ப்பது கடினம். கம்பளிக்குக் கடினமாக இல்லை.