நம்பாத வாய்

மார்ச் 4
நாத்தனார் போட்டுக்கொடுத்துவிட்டாள். அம்மா செத்துப்போன ஆத்திரத்தில், "மேல யாரும் இல்ல, பாட்டு மட்டும்தான் நிஜம்" என்று சாப்பாட்டு மேசையில் சொன்னேன். அது பிரார்த்தனைக் கூடத் தலைவர் காதுவரை போய்விட்டது. வீட்டுக்குள் பேசியதை வெளியே கொண்டுபோவாளா ஒருத்தி?

மார்ச் 6
தலைவர் கூப்பிட்டனுப்பினார்.
"பாடும்போதாவது நம்புறியாம்மா?"
"பாடும்போது பாட்டை நம்புறேன் ஐயா."
"நம்பாத வாயில வர்றது வெறும் சத்தம்."
இத்தனை வருஷம் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தானே கண்ணைத் துடைத்துக்கொண்டார்? இனி எனக்குப் பதிலாக முன்னால் நின்று நாத்தனார் பாடுவாளாம். எல்லார் முன்னிலையிலும் 'நம்புகிறேன்' என்று சொன்னால் என் இடம் திரும்பக் கிடைக்குமாம். "ஒரு சொல்தானே, சொல்லிட்டுப் போயேன்" என்கிறார் என் வீட்டுக்காரர். பொய் சொன்ன வாயோடு எப்படிப் பாடுவது? பாடாமல் எப்படி இருப்பது?

மார்ச் 7
சமைக்கவில்லை. பசித்தால் நம்பிக்கையைத் தின்னட்டும்.

மார்ச் 10
கூடத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். வாயைத் திறப்பதில்லை என்று சபதம். இரண்டாவது அடியிலேயே நாத்தனாருக்குச் சுதி இறங்கியது. நன்றாக வேண்டும்! அடுத்த அடியில் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். பொறுக்க முடியவில்லை, பாழாய்ப்போன காது. சரியான சுதியில் மெல்ல முனகினேன். என் வரிசை பிடித்துக்கொண்டது, பிறகு முன்வரிசை, கூடம் முழுக்கச் சேர்ந்துவிட்டது.

தலைவர் கையை உயர்த்தினார். "பின்னாடி யாரும் பாட வேணாம்."

அபஸ்வரம் பரவாயில்லை, என் வாய்தான் ஆகாது! கடவுளுக்குக் காதே கிடையாதா?

நாத்தனார் மேற்கொண்டு பாடவில்லை. "அண்ணி இல்லாம எனக்கு வராது ஐயா" என்று சொல்லிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் எழுந்து வந்துவிட்டேன். செய்வதையும் செய்துவிட்டு உறவு கொண்டாட வருகிறாள்.

மார்ச் 11
"உங்களுக்காக வேண்டிக்கச் சொல்லித்தான் தலைவர்கிட்ட சொன்னேன், அண்ணி."
"நான் கேட்டேனா?"
அழுதாள். அழட்டும்.

மார்ச் 17
நான் கூடத்துக்குப் போகவில்லை. அவளும் போகவில்லை. பாத்திரம் துலக்கிக்கொண்டே அந்தப் பாட்டை எடுத்தாள். அதே இடத்தில் மறுபடி இறங்கினாள். "ஏறுடி! இன்னும் ஏறு!" என்று கத்தினேன். ஏறினாள். என்னை அறியாமல் நானும் சேர்ந்து, கடைசி அடிவரை பாடிவிட்டோம். முடிந்ததும் ஈரக் கையோடு கண்ணை மூடி நின்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "மறுபடி எனக்காக வேண்டிக்கிறியா?"

"இல்ல அண்ணி. தலைவருக்காக."

அம்மா போனதிலிருந்து இன்றுதான் சிரித்தேன்.