வரைபடத்தில் இல்லாத ஓடை

20 ஜனவரி 2025, திங்கள்

இன்றும் உள்ளங்கை கிழிந்தது. சேற்றில் கைவைத்தால் இறால் இல்லை, காக்கா ஆழிதான். கறுப்பாய், கொத்துக் கொத்தாய், பாய் விரித்ததுபோல் அடி முழுக்க ஒட்டிக் கிடக்கிறது. எங்கிருந்தோ கப்பலோடு வந்த சிப்பி என்கிறார்கள். இறால் போடும் பறியை வாயில் கவ்விக்கொண்டு மூன்று மணிநேரம் தடவினேன். இருபது இறால்கூடத் தேறவில்லை. என் ஓரகத்தி கங்கம்மாவுக்கும் அப்படியே.

கரையேறும்போது ஒரு பெண் நின்றிருந்தாள். ஷஹனாஸ், பழவேற்காட்டுக்காரி, அப்பா துணிக்கடை வைத்திருக்கிறார். கல்லூரியில் இந்த ஆழியைப் பற்றி ஆராய்ச்சியாம். எங்கெங்கே வந்திருக்கிறது என்று இருளர் பெண்களுக்குத்தான் தெரியும், காட்டுங்கள் என்றாள். அதுவரை சரி. பிறகு, "இன்னும் வராத எடம் இருந்தா அதையும் சொல்லுங்கக்கா" என்றாள்.

வராத இடம் இவளுக்கு எதற்கு?

23 ஜனவரி

வீட்டில் இவரிடம் சொன்னேன். கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பெனிக்குக் கிளம்பும் அவசரத்திலேயே நின்று கேட்டார். அவர் வேலை பார்க்கும் கம்பெனி கட்டுவதற்கு முன்னாலும் இப்படித்தான் இரண்டு பேர் வந்து, எந்தக் குட்டையில் மீன், எந்த மேட்டில் ஆடு மேயும் என்று அன்பாக விசாரித்து எழுதிக்கொண்டு போனார்களாம். இப்போது அங்கே குட்டையும் இல்லை, மேடும் இல்லை.

என் அப்பாவும் அரிசி ஆலையில் ஒரு தாளில் கைநாட்டு வைத்தவர்தான். அதில் என்ன எழுதியிருந்தது என்று சாகும்வரை அவருக்குத் தெரியாது. நான் எட்டாவது வரை படித்தேன். எனக்கும் ஷஹனாஸ் கையில் இருந்த ஆங்கிலத் தாளைப் படிக்கத் தெரியாதே.

27 ஜனவரி

படகில் கூட்டிப்போனோம். ஆறு இடம் காட்டினேன், ஆறும் ஆழி மூடிய இடம். ஒவ்வொன்றையும் செல்போனில் குறித்துக்கொண்டாள். கன்னியோடை திரும்பும் முனை வந்ததும், "அங்க இன்னா இருக்குக்கா?" என்றாள்.

"ஒண்ணும் இல்ல. வெறும் சேறு. நாங்க யாரும் போறதில்ல."

வாயில் தானாக வந்துவிட்டது. கங்கம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஷஹனாஸ் அதையும் எழுதினாள்.

கன்னியோடைக்கு ஆழி இன்னும் வரவில்லை. கண்டல் மரங்களுக்கு அடியில் இறால் குதிக்கிறது. மாசியில் கன்னியம்மாவுக்குப் பொங்கல் வைக்கும் மேடும் அங்கேதான். முதல் பிடி இறாலை அவள் பேரைச் சொல்லித் தண்ணீரிலேயே விட்டுவிட்டுத்தான் நாங்கள் பறியில் போடுவோம். அந்த இடத்தை ஒரு செல்போனுக்குள் போகவிட முடியுமா?

1 பிப்ரவரி

ஒரு ஜீப் வந்து கரையில் நின்றது. யாரென்று கேட்டால் "சும்மா பாக்கறோம்" என்கிறார்கள். சும்மா பார்க்க யார் வருவார்கள்?

6 பிப்ரவரி

ஷஹனாஸும் கங்கம்மாவும் புளியமரத்தடியில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போனதும் நிறுத்திவிட்டார்கள். என்ன பேச்சு என்றதற்கு, "சும்மாதான்" என்றாள் கங்கம்மா. இவளும் சும்மாவா?

சொல்லிவிட்டாளோ? கங்கம்மா அப்படிப்பட்டவள் இல்லை. ஆனால் ஏன் கையை முந்தானைக்குள் மறைத்தாள்? அந்தப் பெண் ஏதோ கொடுத்திருக்கிறாள்.

15 பிப்ரவரி, சனி

அரசாங்கம் இயந்திரம் கொண்டுவந்து ஆழியைத் தோண்டி எடுக்கப்போகிறதாம். ஷஹனாஸ் வரைபடத்தோடு வந்து எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னாள். நாங்கள் காட்டிய ஆறு இடமும் சிவப்பு வட்டம். மனசுக்குள் சந்தோஷம்தான். அந்தப் பெண்ணை வீணாகச் சந்தேகப்பட்டோமோ என்றுகூட நினைத்தேன்.

அப்போதுதான் ஓரத்தில் நீலக் கட்டம் ஒன்றைப் பார்த்தேன். இது என்ன என்று கேட்டேன்.

"தோண்டற ஆழிய கொட்டற எடம்கா. நீங்கதானே சொன்னீங்க, வெறும் சேறு, யாரும் போறதில்லன்னு."

கன்னியோடை.

எழுந்து வந்துவிட்டேன்.

16 பிப்ரவரி

நான்தான். வேற யாரும் இல்ல. நான் சொன்ன பொய்யை நம்பித்தான் கட்டம் போட்டுருக்கா.

உண்மையைச் சொன்னா ஓடை ஊருக்கே தெரிஞ்சிபூடும். சொல்லலன்னா லாரி லாரியா ஆழி வந்து கன்னியம்மா காலடியிலயே வுழும். எந்தப் பக்கம் போனாலும் போச்சு.

கங்கம்மா வந்தாள். "நீ சொல்லு பூவு. நீ சொல்லலன்னா நான் போய் சொல்லிடுவேன்" என்றாள். அன்றைக்கு அந்தப் பெண்ணிடம் என்ன வாங்கினாய் என்று கேட்டே விட்டேன். கையை விரித்துக் காட்டினாள். விரலிடுக்கில் எல்லாம் சீழ். மருந்து வாங்கியிருக்கிறாள். வெட்கப்பட்டு மறைத்திருக்கிறாள். நான் எதையோ நினைத்து, பத்து நாளாக அவளுடன் முகம் கொடுத்துப் பேசவில்லை.

18 பிப்ரவரி

பொன்னேரியில் கூட்டம். ஆபீசர், அன்றைக்கு ஜீப்பில் வந்த காண்டிராக்டர், ஷஹனாஸ். எழுந்து நின்று நான் பொய் சொன்னேன் என்றேன்.

இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று ஆபீசர் கேட்டார். கேட்டவர்கள் எல்லாம் எடுத்துக்கொண்டுதான் போனார்கள், அதனால் சொல்லவில்லை என்றேன். எல்லாம் முடிவான பிறகு மாற்ற முடியாது என்று காண்டிராக்டர் முணுமுணுத்தார். எனக்கு வலித்தது ஷஹனாஸ் சொன்னதுதான்.

"என் பேர்லதான்கா ரிப்போர்ட் போயிருக்கு. என்னாண்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாம்ல."

இன்றைக்கே வந்து பாருங்கள் என்று கூப்பிட்டேன். கரைக்கு வந்ததும் படகை எடுக்கப் போனார்கள். கங்கம்மா தடுத்து, படகின் அடியைக் காட்டினாள். அதில் ஆழி ஒட்டியிருந்தது. இப்படித்தான் ஒவ்வொரு இடமாகப் போகிறது என்றாள். ஷஹனாஸ் உடனே குனிந்து போட்டோ எடுத்தாள். எல்லோரும் சேற்றில் நடந்தே போனோம். ஆபீசர் பேண்ட்டைத் தொடைவரை மடித்துக்கொண்டு இரண்டு முறை விழுந்தார்.

ஓடையில் இறங்கித் தடவினேன். மூன்றாவது தடவலில் வெள்ளிறால். ஷஹனாஸின் கையில் வைத்தேன். அது துள்ளியது. அவளாகவே அதைத் தண்ணீரில் விட்டாள். நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

3 மார்ச்

கொட்டும் இடம் மாறிவிட்டது. தூரத்தில் குழி வெட்டி மண்ணைப் போட்டு மூடப்போகிறார்களாம். எழுத்தில் வந்திருக்கிறது. ஷஹனாஸ் தமிழில் எழுதிக் கொண்டுவந்தாள். இரண்டு முறை படித்தேன். ஆனால் ஆறு இடத்தில் இரண்டில்தான் வேலை ஆரம்பித்திருக்கிறது. மீதி எப்போது என்று அந்தத் தாளில் இல்லை.

நான் பயந்ததும் நடந்தது. கேள்விப்பட்டு வேற்றூர்ப் படகுகள் நான்கு ஓடை முனைக்கு வந்துவிட்டன. இறாலுக்குத்தான். ஒவ்வொன்றின் அடியிலும் கறுப்பு.

5 மார்ச்

பெண்கள் பன்னிரண்டு பேர் ஓடை வாயில் குறுக்கே மூங்கில் கட்டினோம். முறை வைத்து இருவர் இருவராகக் காவல் நிற்கிறோம். படகு உள்ளே போகக்கூடாது, வலையை வெயிலில் காயவைக்காமல் இறக்கக்கூடாது. "இது இன்னா உங்க ஊடா?" என்று ஒருவன் கத்தினான். ஆமாம் என்றாள் கங்கம்மா. ஆபீசரும் வந்து சொன்னபிறகு போனார்கள். மறுபடி வருவார்கள்.

12 மார்ச், மாசி மகம்

பொங்கல் வைத்தோம். இவர் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்.

என் காவல் முறையின்போது ஷஹனாஸ் வந்தாள், பழவேற்காட்டிலிருந்து படகில். மூங்கிலுக்கு வெளியே நிறுத்தச் சொன்னேன். இறங்கி, அவள் படகின் அடியையும் தடவினேன், முனையிலிருந்து பின்பக்கம்வரை. நான் முடிக்கும்வரை அவள் படகிலேயே உட்கார்ந்திருந்தாள். சுக்கான் இடுக்கில் மூன்று ஆழி இருந்தன, நகத்தளவு. சுரண்டி டப்பாவில் போட்டேன்.

"நான் காலையில தேய்ச்சுதான்கா கொண்டாந்தேன்" என்றாள். முகம் வாடியிருந்தது.

"தேய்ச்சிருப்ப. நான் பாக்காம வுட மாட்டேன்" என்றேன். அடுத்த வாரத்திலிருந்து அவளும் ஒரு காவல் முறை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். செவ்வாய்க்கிழமை காலை வரச் சொல்லியிருக்கிறேன், கங்கம்மாவோடு நிற்க.