பட்டினியோடு ஒரு சாப்பாட்டு நடை

மாசி 6, செவ்வாய்

அடுக்களையில் இருந்தவர்கள்: நான். என் வீட்டுக்காரர், ஸ்டூலில், பேப்பரோடு. மாடியில் குடியிருக்கும் நிவேதா, நிலைப்படியில், காபி டம்ளரோடு. முருகன், ஷெல்ஃபில். வேறு யாருமில்லை. நாளைக்கு “நான் அப்படிச் சொல்லவே இல்லை” என்று யாரும் சொல்லக்கூடாது, அதற்காக எழுதிவைக்கிறேன்.

விடிகாலையில் பனி. பத்து மணிக்கே வெயில் சுள்ளென்று. சிவராத்திரி விழித்த கண் எரிச்சல் இன்னும் போகவில்லை.

விஷயம் இது. நிவேதா (இனி நி.) கோயமுத்தூர்ப் பெண், ஐ.டி. வேலை. ஞாயிறு காலையில் மட்டும் வெளியாட்களை அல்சூர் தெருக்களில் நடக்கவைத்து, கடை கடையாகச் சாப்பிட வைப்பாள். அதற்குப் பெயர் ஃபுட் வாக். கடைசியில் எல்லாரும் ஜோகுபாளையம் வந்து நம் வீட்டில் காபி. ஆகவே எனக்கும் அதில் கொஞ்சம் பங்கு உண்டு. இப்போது கம்பெனி அவளை மாதக் கடைசியில் ஹைதராபாத் போகச் சொல்லிவிட்டது.

நி. சொன்னது: “ஆன்ட்டி, இதை மூட மனசு வரலைங்க. நீங்க எடுத்து நடத்துங்க. இந்த ஞாயிறு நீங்க முன்னாடி போங்க, நான் வாயே திறக்காம பின்னாடி வரேன். நல்லா வந்தா இனி உங்களோடது. இல்லைன்னா நிறுத்திடலாம்.”

இவர், பேப்பரை இறக்காமல்: “நடக்கறதுக்குக் காசு குடுக்கறாங்களா? பார்க்ல சும்மாதானே வுடறான்.”

நான் சரி என்றேன். உடனே. நாள் பார்க்கவில்லை, நட்சத்திரம் பார்க்கவில்லை. மிக்ஸி வாங்கவே நாள் பார்த்தவள்.

ஏன் அவ்வளவு அவசரம் என்று பாத்திரம் தேய்க்கும்போது யோசித்தேன். வீட்டில் நான் பேசும்போது டி.வி. சத்தம் குறைவதில்லை. அங்கே எட்டுப் பேர் காசு கொடுத்துக் கேட்பார்கள்.

செலவு: பால் 52, கொத்தமல்லி 10, ஊதுபத்தி 30. ஆக 92.

மாசி 7, புதன்

மத்தியானம் கரண்ட் இல்லை. இங்கிலீஷ் ஒத்திகை, மொட்டை மாடியில், காயும் துணிகளுக்கு முன்னால்.

என் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் வந்ததில்லை. பேப்பரும் மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாளும் படித்து நானே சேர்த்தது. இட்லியைப் பற்றி நான் சொல்வதை இவர் கேட்டுவிட்டு, “ஆகாரத்துக்கு அப்புறம் ரெண்டுன்னு எழுதிக் குடுத்த மாதிரி இருக்கு” என்றார். கன்னடம் பஸ் போர்டு பார்த்துக் கற்றது. அதில் பயமில்லை.

வருகிறவர்கள்: புனே குடும்பம் நான்கு பேர். சர்ஜாபூர் பக்கத்து ஐ.டி. பிள்ளைகள் மூன்று பேர். இத்தாலியிலிருந்து ஒரு அம்மா, பெயர் லூச்சியா.

நி. குரலை இறக்கி: “ஆன்ட்டி, அவங்களும் அவங்க ஊர்ல இதே வேலைதாங்க. ரொம்ப வருஷமா. மலை மேல, கோட்டைச் சுவர் சுத்தின பழைய ஊராம். ரொட்டிக் கடை, சீஸ் கடை, சர்ச்சுன்னு கூட்டிட்டுப் போவாங்களாம்.”

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

மாசி 9, வெள்ளி

கோயிலில் கூட்டமில்லை. குருக்கள் விபூதி கொடுத்துக்கொண்டே, “ஞாயித்துக்கிழமை கிருத்திகை மாமி, பால் மறந்துடாதீங்கோ” என்றார்.

கையிலிருந்த விபூதி கீழே.

கிருத்திகைக்கு நான் சாப்பிடுவதில்லை. சாயங்கால அபிஷேகம் முடியும்வரை தண்ணீர் மட்டும். மகளுக்கு டைபாய்டு வந்தபோது வேண்டிக்கொண்டது. அவள் தேறி, படித்து, கல்யாணமாகி மைசூரில் இருக்கிறாள். விரதம் என்னோடு இருக்கிறது.

என்ன செய்யலாம்:
நடையைத் தள்ளிவைப்பது. ஆகாது. இத்தாலி அம்மாவுக்குத் திங்கள் விமானம்.
விரதத்தைத் தள்ளிவைப்பது. நட்சத்திரம் எனக்காக நகராது.
சாப்பிடுவதுபோல் பாவனை. கிருத்திகையும் அதுவுமாகப் பொய்யா.
யாரிடமும் சொல்லாமல் நடத்திவிடுவது. இது பொய் இல்லை. சொல்லாமல் இருப்பது மட்டும்தான்.

கடைசிதான் சரி. நி.யிடமும் சொல்லவில்லை. இவரிடம் மறைக்க முடியாது, காபி போடும்போது தெரிந்துவிடும்.

இவர்: “சாப்பாட்டு நடைக்குப் பட்டினி கைடு. நல்லாருக்கு. நானும் வரேன், தண்ணி பாட்டில் தூக்க.”

மாசி 10, சனி

செருப்பு வார் தைத்தது 20. புடவை: மாம்பழக் கலர். பின் இரண்டு.

இட்லிக் கடை தேவராஜிடம் நாளைக்கு நான்தான் அழைத்து வருவேன் என்றேன். “நீங்களாம்மா? அப்ப சட்னிய கெட்டியா அரைக்கச் சொல்றேன்” என்றார். சந்தோஷம். கூடவே ஒரு பயம். இந்தத் தெருவுக்கு வாழவந்த நாளிலிருந்து அந்தக் கடையைத் தாண்டிப் போகிறேன். ஒரு இட்லி தின்றதில்லை. வீட்டில் மாவு இருக்கும்போது கடை இட்லி எதற்கு என்றுதான். நாளைக்கும் தின்னப்போவதில்லை. ஆனால் அதைப் புகழ வேண்டும்.

மாசி 11, ஞாயிறு. கிருத்திகை

இரவு எழுதுகிறேன். கால் இரண்டும் விண் விண்.

காலை ஏழுக்கு எல்லாரும் வந்தார்கள். லூச்சியா என் வயதுதான். குட்டையான தலைமுடி, தட்டையான செருப்பு. செருப்பைப் பார்த்ததும் தொழில் தெரிந்தவர் என்று புரிந்தது.

முதலில் கோயில். பிரசாதக் கதை, தெப்பக் கதை எல்லாம் சொன்னேன். எட்டுப் பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். டி.வி. எங்கும் ஓடவில்லை.

வெளியே வந்தால் பூக்காரி கௌரம்மா. “திண்டி ஆய்த்தா?” என்றாள். டிபன் ஆச்சா என்பதுதான் இந்த ஊர்க் காலை வணக்கம். ஆனாலும் ஆகாவிட்டாலும் ஆச்சு என்று சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதான். கிருத்திகையன்று அதற்கு வாய் வரவில்லை. “இல்ல கௌரம்மா, உபவாசா” என்றேன்.

சர்ஜாபூர்ப் பிள்ளைகளில் ஒருத்திக்குக் கன்னடம் தெரியும். இங்கிலீஷில் எல்லாருக்கும் ஒலிபரப்பிவிட்டாள்.

தேவராஜ் கடை. எட்டுத் தட்டு, ஆவி பறக்க. நான் வாயைத் திறந்து புகழ ஆரம்பித்தேன். லூச்சியா கையிலிருந்த தட்டை மெதுவாகக் கீழே வைத்தார். விரதம் இருப்பவர் முன்னால் சாப்பிடுவது மரியாதை இல்லையாம். உடனே புனே அப்பா வைத்தார். புனே அம்மா வைத்தார், பிள்ளைகளையும் வைக்கச் சொன்னார். சர்ஜாபூர்ப் பையன் ஒருவன் வாயில் பாதி இட்லி. விழுங்குவதா துப்புவதா என்று என்னையே பார்த்தான்.

தேவராஜ் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். “இன்னாம்மா, இட்லில இன்னா கொற?”

“ஒண்ணுமில்லப்பா. நான் விரதம். மரியாதைக்காக அவங்களும் சாப்பிடல.”

“துன்னாம எழுந்து போறதா மரியாத? எனக்கு யாரு குடுப்பா மரியாத?”

இவர் தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, “எனக்கு விரதம் இல்ல” என்று உட்கார்ந்தார். மூன்று தட்டு. சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்கிற மனிதர். மீதியைப் பொட்டலம் கட்டச் சொன்னோம். தேவராஜ் நூலை இழுத்துக் கட்டிய விதத்தில் இட்லிக்கு வலித்திருக்கும்.

பேக்கரியிலும் இதே கதை. காரா பன் எட்டு, கடித்தது பூஜ்யம், பைக்குள். எல்லாரும் என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறார்கள். புனே அம்மா எனக்குக் குடை பிடிக்கிறார். நி. வாக்குக் கொடுத்தபடி வாயைத் திறக்கவில்லை. ஆனால் முகம். நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை. நடை இன்றோடு மூடிவிடும் என்று நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. என்னாலேயே.

மூன்றாவது, இலை போடும் மெஸ். பொங்கல், வடை, கேசரி. எட்டு இலை போட்டாயிற்று. எட்டுப் பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள், துக்க வீட்டில் நிற்பதுபோல்.

அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. என் வீட்டில் நான் என்றைக்கு முதலில் சாப்பிட்டேன்? விருந்தாளி வந்தால் விருந்தாளி. இல்லாவிட்டால் இவர், பிறகு பெண். எல்லாரும் கை கழுவிய பிறகுதான் என் தட்டு. அப்போதெல்லாம் மரியாதை பார்த்து யாரும் இட்லியைக் கீழே வைத்ததாக ஞாபகம் இல்லை.

முந்தானையைச் செருகினேன். பரிமாறுகிறவர் கையிலிருந்து பொங்கல் வாளியை வாங்கினேன். “உட்காருங்கள். எல்லாரும்” என்றேன், இங்கிலீஷில், மருந்துத் தாள் மாதிரியே. உட்கார்ந்துவிட்டார்கள்.

“எங்கள் வழக்கத்தில் பரிமாறுகிறவள் கடைசியில் சாப்பிடுவாள். இன்றைக்கு அந்தக் கடைசி, சாயங்காலம் ஆறரைக்கு. அவ்வளவுதான் வித்தியாசம். நீங்கள் சாப்பிடாவிட்டால்தான் எனக்கு அவமானம்.”

புனே அப்பா முதலில் கை வைத்தார். பிறகு நிறுத்த முடியவில்லை. புனே அம்மா மூன்று தடவை போதும் என்றார், மூன்று தடவையும் போட்டேன். இலையை மூடப்போன பையனின் கையை நகர்த்திவிட்டு வடை வைத்தேன்.

லூச்சியா சிரிக்க ஆரம்பித்தார். அவர் அம்மாவுக்கு அந்தப் பழைய ஊரில் பதப்படுத்திய பன்றிக்கறிக் கடை. ஈஸ்டருக்கு முன்னால் நாற்பது நாள் அந்த அம்மா கறியே தொடமாட்டாராம். ஆனால் கடையில் நின்று ஊருக்கெல்லாம் மெல்லிசாகச் சீவிக் கொடுத்துக்கொண்டே இருப்பாராம். “ஊரே சாப்பிட்டது. நானும் சாப்பிட்டேன். இன்று எனக்கு ஏன் திடீரென்று மரியாதை வந்தது?” என்றார்.

முருகா, அந்தக் கறி விஷயம் காதில் விழுந்ததோடு சரி, மனதில் வைக்கவில்லை.

அவர்கள் ஊர் நடையில் காலை பதினொரு மணிக்கே திராட்சை மது ஒரு நிறுத்தமாம். அதற்கப்புறம் எப்படி நடப்பார்கள் என்று கேட்டேன். அந்த இடத்துக்குப் பிறகு இறக்கம்தான், தானாக வந்துவிடுவார்கள் என்றார். தொழில் தெரிந்தவர்.

மெஸ்ஸிலிருந்து காபிக்கு வீட்டுக்குத் திரும்ப வேண்டும். நான் எல்லாரையும் எதிர்ப்பக்கம் திருப்பினேன். மறுபடி தேவராஜ் கடை.

“இப்ப எடம் கீதா வவுத்துல?” என்றார், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு.

“ஆளுக்கு ஒண்ணு வை. நான் போடறேன்.”

எட்டுப் பேரும் தின்றார்கள். லூச்சியா சட்னி இரண்டாம் தடவை கேட்டார். தேவராஜ் கல்லாவுக்குப் போய் உட்கார்ந்து, காசு எண்ணுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டார்.

சாயங்காலம் அபிஷேகம். பிறகு வீட்டில், காலையில் கட்டிய பொட்டலத்திலிருந்து ஒரு இட்லி. ஆறிப்போனது. முதல் தடவையாக அந்தக் கடை இட்லி. உப்பு ஒரு கல் அதிகம். இதை வெளியே சொல்வதற்கில்லை.

செலவு: அபிஷேகப் பால் 52, அரளி 20, மல்லி ஒரு முழம் 40. இவருக்கு வாயுக்கு மருந்து 35. ஆக 147.

மாசி 12, திங்கள்

இவர் காலை டிபன் வேண்டாம் என்றார். ஆச்சரியமில்லை.

நி. போனைக் கையில் பிடித்தபடி ஓடிவந்தாள். எட்டுப் பேரும் எழுதியிருக்கிறார்களாம். “ஆன்ட்டி, புனேக்காரர் எழுதினதைக் கேளுங்க. இவ்வளவு மிரட்டி எனக்கு யாரும் சாப்பாடு போட்டதில்லை, மறுபடி வருவேன்னு போட்டிருக்காரு.” பிறகு: “புதன்கிழமைக்குள்ள முடிவு சொல்லிடுங்க. அடுத்த ஞாயிறுக்கு ஆறு பேர் கேட்டுட்டாங்க.”

இவர்: “அப்ப ஞாயித்துக்கிழமை எனக்கு டிபன்?”

“தேவராஜ் கடையில.”

பேப்பர் மறுபடி ஏறிவிட்டது. ஒரு பக்கத்தையே வெகுநேரம் படித்தார்.

எனக்கு ஆசைதான். மறைப்பானேன். ஆனால் போன தடவை நாள் பார்க்காமல் சொல்லித்தான் அவ்வளவு கூத்து. இந்தத் தடவை முருகனைக் கேட்காமல் சொல்வதாக இல்லை. நாளை செவ்வாய், பூ வைத்துக் கேட்கலாம்.

மாசி 13, செவ்வாய்

மேகம். மழை இல்லை.

குளித்து விளக்கேற்றினேன். இரண்டு பொட்டலம்: ஒன்றில் சிவப்பு அரளி, ஒன்றில் வெள்ளை மல்லி. சாமி முன்னால் வைத்து ஒன்றை எடுக்க வேண்டும். சிவப்பு வந்தால் சம்மதம், வெள்ளை வந்தால் வேண்டாம். எடுக்கிறவள் மடிக்கக்கூடாது என்பதால் இவரை மடிக்கச் சொன்னேன். பூ ஃப்ரிட்ஜில் என்றேன். போனவர் வர நேரமாயிற்று.

கண்ணை மூடி எடுத்தேன். சிவப்பு.

அழுகை வந்துவிட்டது. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, “உத்தரவு குடுத்துட்டான்” என்றேன். “ம்” என்றார். ஷேவிங் பண்ணப் போய்விட்டார்.

மற்ற பொட்டலத்துப் பூவைத் துளசித் தொட்டியில் போடலாம் என்று பிரித்தேன். சிவப்பு.

கையில் எடுத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் நின்றேன்.

“ஏங்க, இது என்ன?”

“வெள்ளப் பூ கண்ணுல படல. ரெண்டுலயும் செவப்பு வெச்சேன்.” முகமெல்லாம் நுரை.

“சாமி காரியங்க இது.”

“சாமிக்குக் கோவமிருந்தா என்கிட்ட சொல்லட்டும். சுடுதண்ணி கொஞ்சம் கொண்டா.”

ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தேன். மேல் தட்டில், முன்னாலேயே, மூடாத கிண்ணத்தில் ஒரு முழம் மல்லி. அதன் மேல் சாய்ந்தபடி இவருடைய சர்க்கரை ஊசி மருந்து. காலையில் எடுத்துப் போட்டுக்கொண்டு திரும்ப வைத்திருக்கிறார்.

மூடிவிட்டேன். சுடுதண்ணீர் கொண்டுபோய் வைத்தேன்.

மறுபடி பூ வைக்கலாமா என்று குருக்களைக் கேட்க வெட்கமாக இருக்கிறது.

முருகா, இது உன் பதிலா, இவர் பதிலா? இரண்டும் ஒன்றுதான் என்றால் அதையும் நீதான் சொல்ல வேண்டும். நி. நாளைக் காலை காபிக்கு வருவாள். அதற்குள் பதில் சொல்லிவிடு.